உள்பக்கக் கைப்பிடி

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதை ஒரு துண்டு சாக்பீஸை வைத்தே செய்துகொண்டேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு டீச்சர். பாடத்தில் தவளையும் தேரையும் வந்தன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பிள்ளைகள் விட்டத்தைப் பார்த்தார்கள். அலுத்துப்போய்ப் பலகையில் இரண்டு பெரிய வட்டம் போட்டேன், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கிற மாதிரி. இது தவளைக்கு, இது தேரைக்கு, நடுவில் சேர்ந்திருக்கும் இடம் ரெண்டுக்கும் பொது, வந்து எழுதுங்கள் என்றேன். அவ்வளவுதான், வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது. "ரெண்டும் தாவும், நடுவுல போடு." "தேரை எங்க தாவுது? அது தத்தும்." "தத்தறதும் தாவறதும் ஒண்ணுதான்டா." "ஒண்ணுன்னா ஏன் ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க?" மணி அடித்தும் ஒருவரும் பையைத் தூக்கவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அந்த நேரம் பார்த்து முதல்வர் வராந்தாவில் போனார். எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர் இது, கோலமா?" என்றார். சும்மா சிரித்துவிட்டு இருந்திருக்கலாம். நான் அவரை நிற்கவைத்து விளக்கினேன். ஒப்பிட வேண்டும் என்றால் இரட்டை வட்டம், காரணம் தேட வேண்டும் என்றால் தலையில் கேள்வியும் முள்ளுக்கு முள் ஒரு காரணப் பெட்டியுமாக மீன்முள், எது முதலில் எது பிறகு என்று பார்க்க படிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். "யோசிக்கிறது கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் சார். அதைக் கண்ணுக்கு முன்னாடி கொண்டு வந்துட்டா பிள்ளைங்க பிடிச்சுக்குவாங்க" என்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று என் கணவர் பிறகு சொன்னார். பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?

அடுத்த பருவம் தொடங்கியபோது பள்ளி முழுவதும் சிந்தனைத் திட்டம் என்று பலகை தொங்கியது. வராந்தாவின் கடைசியில் உடைந்த பெஞ்சு போட்டுவைத்திருந்த அறை சிந்தனை அறை ஆனது. என்னை வகுப்பிலிருந்து எடுத்து அதற்குள் உட்காரவைத்தார்கள். வேலை என்னவென்றால், எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடத்துக்கும் ஒரு படம் போட வேண்டும். படத்தில் வரும் பெட்டிகளுக்குச் சரியான விடை எழுதித் தர வேண்டும். பிறகு அதைச் சூடான இயந்திரத்தில் விட்டு பிளாஸ்டிக் உறை போட வேண்டும். டீச்சர்கள் வாங்கிக்கொண்டு போய்ப் பலகையில் மாட்டுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அந்த வட்டத்துக்குள் சண்டை போடவேண்டிய பிள்ளைகள் அதை அழகாக வண்ணம் தீட்டினார்கள்.

அறைக்கு இரண்டு ஜன்னல் உண்டு. படம் மாட்டச் சுவர் போதவில்லை என்று அவற்றின் மேல் பலகை அடித்துத் திருகாணி முடுக்கினார்கள். காலையில் உள்ளே போனால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. சுட்ட பிளாஸ்டிக் வாடை முடியிலேயே தங்கிவிட்டது. அடுத்த கட்டடத்திலிருந்து ஏழாம் வகுப்பின் இரைச்சல் லேசாகக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வேலையை விட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சேரும்போது அவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட என் அசல் சான்றிதழ்கள் எல்லாம் முதல்வர் அறை இரும்பு அலமாரியில் இருக்கின்றன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை தரமாட்டார்கள். அது இல்லாமல் எந்தப் பள்ளியிலும் வாசற்படி மிதிக்க முடியாது. ஆப்பு அசைத்த குரங்கின் கதைதான். நான் கேட்டது ஒன்றே ஒன்று, என் வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள். முதல்வர் அதற்கும் ஒரு நிபந்தனை வைத்துத்தான் பேசுவார்.

"தலைமை அலுவலகத்துல இருந்து வந்து பாத்துட்டுப் போகட்டும் டீச்சர். அது மட்டும் நல்லபடியா முடிஞ்சுடட்டும். அப்புறம் ஏழாம் வகுப்பு உங்களுக்குத்தான்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் சந்தேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு பெண், எதைச் சொன்னாலும் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்பாள். அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் அது. ஒல்லியாக இருப்பாள், பேசும்போது ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிவாள். தத்துவதும் தாவுவதும் ஒன்று என்றால் ஏன் இரண்டு வார்த்தை என்று கேட்டவள் அவள்தான். மைதானத்தில் மழைத்தண்ணீர் ஏன் தேங்குகிறது என்ற மீன்முள் படத்தை எல்லாரும் என் விடையைப் பார்த்து நிரப்பினார்கள். இவள் ஒரு பெட்டியை மட்டும் காலியாக விட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 'தெரியலை, போய்ப் பாக்கணும்' என்று எழுதியிருந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முதல்வர் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "காலிப் பெட்டி இருந்தா நாம சொல்லித்தரலைன்னுதானே அர்த்தம் ஆவும்?"

"அவ யோசிச்சிட்டு இருக்கான்னு அர்த்தம் சார்."

"அதை வர்றவங்களுக்கு யார் போய் விளக்கறது? இனிமே எந்தப் பெட்டியும் காலியா இருக்கக் கூடாது. விதியா எழுதி ஒட்டிருங்க."

எழுதி ஒட்டினேன். உறை போட்டுத்தான்.

தலைமை அலுவலகத்தார் வரும் நாள் நெருங்க நெருங்க அவருக்குத் தலைகால் புரியவில்லை. கதவின் உள்பக்கம் வெறுமையாக இருக்கிறதே, அங்கே ஒரு பெரிய வட்டப்படம் ஒட்ட வேண்டும் என்றார். கதவு அகலத்துக்கு ஒரு வட்டம் வரைந்தேன், நடுவில் 'நான் சிந்திக்கிறேன்' என்று எழுதி. ஒட்டிப் பார்த்தால் வட்டத்தின் ஓரத்தில் கைப்பிடி துருத்திக்கொண்டு நின்றது. படம் உப்பிக்கொண்டு, அம்மைக்கட்டு வந்த கன்னம் மாதிரி இருந்தது. முதல்வர் தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி, ஓட்டையை மர மாவு வைத்து அடைத்து, தேய்த்து, வர்ணமும் பூசிவிட்டார். நல்ல வேலைக்காரர். படம் வழவழவென்று உட்கார்ந்தது.

"உள்ள இருந்து எப்படி சார் திறக்கிறது?" என்றேன். அது மூடினால் தானாகவே பூட்டிக்கொள்கிற கதவு. வெளியே இருந்து கைப்பிடியைத் திருகினால்தான் திறக்கும்.

"எதுக்கு மூடணும்? ஒரு கல்லை முட்டுக் கொடுங்க. காத்தும் வரும்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட்டுலகூட உள்ள ஒரு பட்டன் வைப்போம்மா. இது என்ன, எலிப்பொறியா?"

"சிரிக்காதீங்க. நான்தான் உள்ள இருக்கேன்."

"அதான் சொல்றேன். வர்றவங்க போனதும் முதல் வேலையா அந்தக் கைப்பிடியை மாட்டச் சொல்லு. அப்புறமா வகுப்பைக் கேளு."

"அவங்க போனதும் அந்த அறைக்குள்ள நான் ஏன் இருக்கப் போறேன்?" என்றேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அந்த நாளும் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு மேடம். அவருக்குத் துணையாக ஓர் அதிகாரி, நல்ல உயரம், கழுத்துப்பட்டை இறுக்கமாகக் கட்டியிருந்தார். முதல்வர் எல்லாவற்றையும் கச்சிதமாக ஏற்பாடு செய்திருந்தார். கவனம் சிதறக் கூடாது என்று எல்லாருடைய செல்போனையும் வெளியே ஒரு தட்டில் வைக்கச் சொன்னார். விருந்தாளிகளும் மரியாதைக்கு வைத்தார்கள். வராந்தாவில் யாரும் நடக்கக் கூடாது என்று உத்தரவு. அதைப் பார்த்துக்கொள்ள வாட்ச்மேன் அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், முதல்வரிடமே ஒத்திகை பார்த்த மழைத்தண்ணீர்ப் பாடத்துக்குத் தயாராகச் சிந்தனை அறையில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கேள்விக்கு யார் எழுந்து என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் முடிவாகியிருந்தது. ஒரு பெட்டி நிரம்பினால் எல்லாரும் சேர்ந்து மேசையைத் தட்ட வேண்டும், அது முதல்வரின் யோசனை. சந்தேகத்தைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, தலையை மட்டும் ஆட்டச் சொல்லியிருந்தார்கள்.

என் பிள்ளைகளைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இன்றைக்கு ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் நாளைக்கு இவர்களோடு இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். மேடம் நல்ல மனுஷி. பாடத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று தானே எழுந்து போய், காலால் கல்லைத் தள்ளி, கதவை மெதுவாகச் சாத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் முதல்வரைப் பார்த்தேன். கதவில் 'நான் சிந்திக்கிறேன்' என்று எழுதியிருந்தது.

முதல்வர் புன்னகையைக் கழற்றாமலே போய்க் கதவைத் தடவினார். தட்டினார். பிறகு அடித்தார். "வாட்ச்மேன்! யோவ் வாட்ச்மேன்!" கனமான பழைய கதவு. வார்த்தை போகாது, இரைச்சல் மட்டும்தான் போகும்.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல மேடம், சின்ன விஷயம்" என்றார் முதல்வர். தேள் கொட்டிய திருடன் முகம் அவருக்கு.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எல்லாரும் கத்தினார்கள், மேசையைத் தட்டினார்கள். ஒருவரும் வரவில்லை. ஜன்னல் பலகையைப் பிடித்து இழுத்தோம், அது தச்சரின் திருகாணி, அசையவில்லை. உயரமான அதிகாரிக்கு முதலில் நெற்றி வியர்த்தது. கழுத்துப்பட்டையை அவிழ்த்தார். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மூடின இடம் ஒத்துக்காது" என்றார். கண் ஒவ்வொரு சுவராகத் தேடியது. எல்லாச் சுவரிலும் என் படங்கள்தான் இருந்தன. எனக்கும் பயம் வந்தது. மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. இத்தனை நாளும் இப்படித்தான் இருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் கதவு அதைச் சத்தம் போட்டுச் சொல்கிறது என்று தோன்றியது.

பிள்ளைகள் சிலர் அழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பலகையில் மாட்டியிருந்த மழைத்தண்ணீர்ப் படத்தைக் கழற்றிக் கீழே போட்டேன். வெறும் பலகையில் சாக்பீஸால் ஒரு மீன் முதுகெலும்பு கிழித்து, தலையில் எழுதினேன்: கதவு ஏன் திறக்கவில்லை?

"டீச்சர், இதுக்கு விடை யார்கிட்ட இருக்கு?" என்றான் முன்வரிசைப் பையன்.

"யார்கிட்டயும் இல்ல. வா, எழுது."

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கைப்பிடி இல்லை, ஒரு முள். ஏன்? படம் ஒட்ட. ஜன்னல் வழியாகக் கூப்பிட முடியவில்லை, இன்னொரு முள். ஏன்? படம் மாட்ட. போன் இல்லை. ஏன்? படத்தையே கவனிக்க. எல்லா முள்ளும் படத்தில் போய் முடிந்ததைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள், வகுப்பே சிரித்தது. மேடம்கூட வாயைப் பொத்திக்கொண்டார். முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், இதெல்லாம் தேவையா?" என்று பல்லுக்குள் கேட்டார். தேவைதான் என்றேன். அப்படிப் பதில் சொல்லி எனக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கடைசி முள்ளில் யாரோ எழுதினார்கள்: வாட்ச்மேன் அண்ணன் வரவில்லை. ஏன்? பெட்டி காலியாக நின்றது.

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"வாடி, உன்னைத்தான் தேடினேன்" என்றேன்.

அவள் பலகைக்கு வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டு, ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு நின்றாள். எழுதவில்லை. முதல்வருக்குப் பொறுக்கவில்லை. "ஏதாவது எழுதும்மா. காது கேக்கலைன்னு எழுது."

"அவருக்குக் காது நல்லாக் கேக்கும் சார். பெஞ்சுக்கு அடியில முறுக்கு கடிச்சாக்கூட வந்துடுவாரு. இவ்ளோ கத்தியும் வரலைன்னா வேற என்னமோ இருக்கு. சார், நீங்க அவர்கிட்ட என்ன சொல்லி உட்கார வச்சீங்க?"

முதல்வர் மென்று விழுங்கினார். "உள்ள சத்தம் கேட்டா வந்து தொந்தரவு பண்ணாதே, பிள்ளைங்க சிந்திக்கிறாங்கன்னு நெனச்சுக்கோன்னு சொன்னேன்."

"மேசை தட்டினா?"

"விடை சரியா வந்துடுச்சுன்னு அர்த்தம், சந்தோஷப்படுன்னு சொன்னேன்."

அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். இப்போதும் எழுதவில்லை. அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சொறிவது நின்றது. அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் டீச்சர் வேலைக்கே வந்தேன். அது வரும்போது தெரிந்துவிடும்.

"அப்படின்னா நாம கத்தக் கத்த அவரு வரவே மாட்டாரு டீச்சர்" என்றாள். "எல்லாரும் வாயை மூடணும். மூச்சு விடற சத்தம்கூட வரக் கூடாது. இத்தனை பேரு இருக்கற ரூம்ல சத்தமே இல்லைன்னா, அவருக்குத்தான் பயம் வரும்."

எல்லாரும் உட்கார்ந்தோம். விளக்கு மட்டும் எரிந்தது. மின்விசிறியைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டாள். ஏழாம் வகுப்பு அப்படி ஊமையாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார், பக்கத்தில் இருந்த சிறுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. காலடி வந்தது, நின்றது, திரும்பப் போனது. முன்வரிசைப் பையன் வாயைத் திறக்கப் போனான், சந்தேகம் அவனை முறைத்தாள். காலடி மறுபடி வந்தது. கைப்பிடி திருகுகிற சத்தம்.

கதவு திறந்து வாட்ச்மேன் அண்ணனின் தலை உள்ளே வந்தது. "மன்னிச்சிருங்க சார். ரொம்ப நேரமா சத்தமே இல்ல... யாருக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு..."

பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள். வராந்தாவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சந்தேகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி இங்கே ஒரு நிமிஷமும் உட்காரமாட்டேன், என்ன ஆனாலும் சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையையே பார்த்தார். பிறகு முதல்வரிடம் திரும்பினார். "நிஜமாவே பிரமாதம். பூட்டி வச்சு, ஒரு உண்மையான பிரச்சனையைக் குடுத்து, பிள்ளைங்களையே விடை கண்டுபிடிக்க வச்சிருக்கீங்க! எங்களையும் உள்ள சேத்துட்டீங்களே!"

முதல்வரின் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தேன். தாடையைத் தடவிக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா அந்த உண்மைத்தன்மை வராது மேடம்" என்றார்.

அதிகாரி கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டே பெரிதாகச் சிரித்தார். "நானும் தெரிஞ்சுதான் கொஞ்சம் நடிச்சேன். பிள்ளைங்க நம்பணுமில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்ல மேடம்" என்றேன். "இதுல திட்டம் எதுவும் கிடையாது. படம் ஒட்டறதுக்காகக் கைப்பிடியைக் கழட்டினோம். நிஜமாவே மாட்டிக்கிட்டோம். இந்தப் பொண்ணு யோசிக்கலைன்னா இன்னும் உள்ளதான் இருந்திருப்போம்."

மேடம் என்னைக் கூர்ந்து பார்த்தார். நம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

"எங்க டீச்சருக்கு அடக்கம் ஜாஸ்தி" என்றார் முதல்வர். "பாடம் முடிஞ்சும் அந்த வேஷத்தைக் கலைக்கலை பாருங்க."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "அதானே! கைப்பிடி இல்லாத கதவை எந்தப் பள்ளிக்கூடமாவது தெரியாமப் பண்ணுமா?" என்றார். பிறகு குனிந்து சந்தேகத்தின் கன்னத்தைத் தட்டினார். "கெட்டிக்காரி. ஒரு எழுத்து பிசகாம மனப்பாடம் பண்ணியிருக்கே."

"நான் மனப்பாடம் பண்ணலை" என்றாள் அவள்.

"பாருங்க, இவளும் விடமாட்டேங்கறா!" என்று மேடத்துக்கு இன்னும் சிரிப்பு.

அவள் என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு முறை சொன்னேன், குரலை உயர்த்திச் சொன்னேன். அதற்குள் அவர்கள் சிற்றுண்டிக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்றுதான் இத்தனை காலம் பயந்திருக்கிறேன். சொன்னாலும் ஒன்றும் நடக்காது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை முதல்வர் அறைக்குப் போனேன். "ஏழாம் வகுப்பு சார்" என்றேன்.

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? நேத்து என்ன நடந்துச்சுன்னு தெரியுமில்ல? எல்லாக் கிளைப் பள்ளியில இருந்தும் ஆள் அனுப்பறாங்களாம், அந்தக் கதவுப் பாடத்தைப் பாக்க. நீங்க இல்லாம யாரு நடத்துவா? ஏழாம் வகுப்புக்கு வேற ஆள் போட்டாச்சு." மேசையில் விரலால் தாளம் போட்டார். "அந்த மீன்முள்ளை அப்படியே ஒரு படமாப் போட்டு விடையும் எழுதிருங்க. அந்தக் கடைசிப் பெட்டி காலியா இருக்கு, பாத்துக்குங்க."

என் கண் இரும்பு அலமாரிக்குப் போனதை அவரும் பார்த்தார்.

"சரி சார். அந்த உள்பக்கக் கைப்பிடியையாவது மாட்டிருங்க" என்றேன்.

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அதை மாட்டிட்டா அப்புறம் பாடமே இல்லையே டீச்சர்?"

வீட்டில் சொன்னேன். இந்த முறை என் கணவர் சிரிக்கவில்லை. தன் கருவிப் பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து என் கைப்பையில் போட்டார். முதல்வர் இப்போதெல்லாம் பைகளையும் வெளியே தட்டில் வைக்கச் சொல்கிறார்.

வாரத்துக்கு ஒரு பள்ளியாவது வருகிறது. உட்காருகிறார்கள், விசில் ஊதுகிறது, வந்தவர்களில் ஒருவரை எழுப்பிக் கதவைச் சாத்தவைக்கிறோம். பிள்ளைகள் முறைவைத்துப் பயப்படுகிறார்கள், ஒருவன் அழகாக அழுகிறான். வாட்ச்மேன் அண்ணன் தன் வசனத்தை நன்றாகச் சொல்லப் பழகிவிட்டார். அவருக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சந்தேகம் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு, "எல்லாரும் வாயை மூடணும்" என்று சொல்கிறாள். சொறிவதையும் விடக் கூடாது என்பது முதல்வரின் கட்டளை, அது இயல்பாக இருக்கிறதாம்.

முதல் சில முறை அவள் என்னை முறைத்துக்கொண்டே சொன்னாள். அந்த முறைப்பு எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

நேற்று ஒத்திகை முடிந்து பிள்ளைகள் எல்லாம் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். நான் இயந்திரத்தில் தாள் விட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

எத்தனை நாளாகிவிட்டது அந்த வார்த்தையை நடிப்பில்லாமல் கேட்டு! இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். "கேளுடி" என்றேன்.

"பலகைகிட்ட வந்து யோசிக்கற மாதிரி நிக்கறேன்ல, அது எவ்ளோ நேரம் நிக்கணும்?"

நான் திரும்பி, இயந்திரத்தில் பாதியில் நின்ற தாளைப் பிடித்து இழுத்தேன். அவள் அதைப் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, ஆறுதலாகவே சொன்னாள்.

"பரவால்ல டீச்சர். அதுக்கும் ஒரு பெட்டி போட்டு விடையை எழுதிக் குடுத்துருங்க. நான் பாத்து நின்னுக்கறேன்."